உன் அம்மாவும் ஜப்பான் அடிதடிப் படங்களும்

பாளையங்கோட்டை

அன்பு மகன் ஜெனோவுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய தயவில் நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். போனில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் நான் போனை எடுத்தால் உன் அம்மா காதைத் தீட்டிக்கொள்கிறாள்.

அவளுடைய மூட்டு ஆபரேஷனுக்கு வந்திருந்தபோது டிவியில் ஒரு பென்டிரைவைச் செருகிவிட்டு, எடுக்க மறந்து போய்விட்டாய். எல்லாத் துன்பத்துக்கும் அதுதான் ஆரம்பம். நீ ஊருக்குப் போனதும் அவள், காலை மடக்கவே மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பயிற்சி கொடுக்க வரும் மகேஷ் என்னைத் தனியே கூப்பிட்டு, "இப்படியே விட்டா கால் விறைச்சுப் போயிரும் ஐயா" என்றான். எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் ஏதாவது கிறிஸ்தவப் பாட்டு வைப்போம் என்று டிவியைப் போட்டால், உன் பென்டிரைவில் இருந்து ஒரு ஜப்பான்காரி கத்தியோடு கிளம்பி வந்தாள். ஐம்பது வருஷத்துக்கு முந்தின சண்டைப் படம். வானம் என்பது சிவப்புப் பெயின்ட் அடித்த அட்டை. யாரையாவது வெட்டினால் தாமிரபரணிக் குடிநீர்க் குழாய் உடைந்த மாதிரி ரத்தம் பீய்ச்சுகிறது, அதுவும் சர்பத் நிறத்தில். பதறிப்போய் ரிமோட்டைத் தேடினேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திரும்பி, "எதுக்கு நிறுத்துதிய, அவ யாருன்னு பாப்போம்" என்றாள்.

அதிலிருந்து தினமும் ஜப்பான்தான். அந்தப் பெண்ணை ஜெயிலில் போடுகிறார்கள், கிணற்றில் தள்ளுகிறார்கள், மலையில் இருந்து உருட்டுகிறார்கள். அவள் முடியை ஒதுக்கிக்கொண்டு எழுந்து வருகிறாள். "நம்ம படமா இருந்தா இந்நேரம் அழுதுகிட்டுக் கிடப்பா. இவ பாருங்க, மண்ண உதறிட்டு எந்திரிக்கா" என்று உன் அம்மா மெச்சுகிறாள். அந்த ஜப்பான்காரி உதைக்கும்போதெல்லாம் இவளும் ஆபரேஷன் காலைத் தூக்குகிறாள். மகேஷுக்கே ஒன்று விழுந்தது. "நல்லா மடங்குதும்மா" என்று விலாவைத் தடவிக்கொண்டே போனான்.

இதில் என் பாடுதான் பெரிய பாடு. கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தை அந்த வேகத்துக்குத் தன்னால் வாசிக்க முடியவில்லையாம். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தமிழில் சொல்லச் சொல்லுகிறாள். சும்மா சொன்னாலும் போதாது. "வில்லன் பேசுத மாதிரியா இருக்கு? சர்ச்சுல சபைக் கணக்குல்லா வாசிக்கிய" என்கிறாள். வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் இலக்கணம் நடத்திய நான், போன வியாழக்கிழமை, "அடி பாதகத்தி, உன் தலையை எடுக்காமல் இந்த வாசலைத் தாண்ட மாட்டேன்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஜன்னல் திறந்திருந்தது.

எதிர்வீட்டு இசக்கிதுரை கையில் தென்னை மட்டையோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். பின்னால் தெருவே நிற்கிறது. "சார்வாள், நீங்க படிச்சவிய. எதுன்னாலும் பைய பேசித் தீத்துக்கிடலாம். அக்காவ விட்டுருங்க" என்றார். உன் அம்மா, "அண்ணாச்சி, தள்ளி நில்லுங்க, டிவி மறைக்கு. இன்னும் ஒருத்தன்தான் பாக்கி" என்றாள். அவர் நகராததால், இவளே கட்டிலை விட்டு இறங்கி, நடந்துபோய், அவர் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். வாக்கர் கட்டில் பக்கத்திலேயே நின்றது. அவள் வெறுங்கையோடு நடந்ததை அப்புறம்தான் உணர்ந்தேன். அடுத்த வசனம் எனக்கு வாசிக்க வரவில்லை. எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது.

ஆனாலும் ஜெனோ, தெருவில் மானம் போய்விட்டது. பால்காரர்கூட இப்போது பாலை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடுகிறார். ஆகையால் அடுத்த வாரமே வந்து அந்தப் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போய்விடு.

உன் வேலையிலும் வீட்டிலும் சமாதானம் தங்கட்டும் என்று வாழ்த்தும்,
அப்பா
அப்பாத்துரை

பி.கு.: ஜெனோ, இது அம்மா. தபால் பெட்டி வரைக்கும் நடக்கலாம்னு மகேஷ் சொல்லிட்டான், அதனால இத நான்தான் போடப் போறேன். நீ ஒண்ணும் எடுத்துட்டுப் போக வேண்டாம். இன்னும் படம் இருந்தா கொண்டா. ரிட்டயர் ஆனதுல இருந்து உங்க அப்பா காப்பி, சோறுன்னு கேக்கதத் தவிர வாயத் தொறந்ததே இல்ல. இப்பம் மத்தியானம் நான் தூங்குதேன்னு நெனச்சு, அடுப்படியில ஒத்தையில நின்னு வில்லனாப் பேசிப் பழகுதாவ. கீழ ஓடுத இங்கிலீஷ நான் நல்லாவே வாசிப்பேன். அத மட்டும் அவியகிட்டச் சொல்லிராத.