புலி கிளறிய பலாக்கொட்டை அல்வா

ஒரு காட்டில், செல்போன் சிக்னல் கிடைக்கிற ஒரே பாறைக்கு அடியில், குமுதவல்லி என்ற சருகுமான் குடியிருந்தது. சருகுமானைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். முயலைவிடக் கொஞ்சம் பெரிது, கொம்பு கிடையாது, காய்ந்த இலை அசைந்தாலே நடுங்கும். ஆனால் அடுப்பங்கரைக்குள் காலை வைத்துவிட்டால் குமுதவல்லிக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்துவிடும். குடும்பத்தைப் படுகுழியில் தள்ளியது அந்தத் தைரியம்தான்.

அதே காட்டில் வீரபத்திரன் என்றொரு புலி இருந்தது. அது கண்டபடி அடித்துத் தின்னும் புலியல்ல, முறை தெரிந்த புலி. வீடு வீடாக விருந்துக்கு வரும். இலையை வழித்துச் சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால், அந்த வீட்டாரை அப்புறம் எந்த ஜென்மத்திலும் தொடாது. சாப்பாடு பிடிக்காமல் பாதியில் எழுந்துவிட்டால், மீதிப் பசிக்கு வீட்டாரே இலையில் ஏற வேண்டியதுதான்.

பக்கத்துப் புதர் முயல் சபாபதி புத்திசாலி. பழைய சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்தது. புலி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, சொம்பு நீரில் கை கழுவி, “நல்லா இரு” என்று ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போனது. அடுத்த முறை குமுதவல்லி வீட்டுக்கு.

“நாமளும் பழைய சோறே வச்சிடலாமே” என்றது குமுதவல்லியின் கணவன் ஏகாம்பரம்.

“சபாபதி வச்சதையே நாமளும் வைக்கிறதா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?”

“உயிரோட இருக்காங்கன்னு சொல்லுவாங்க.”

ஏகாம்பரத்தின் பேச்சை அந்த வீட்டில் யார் எப்போது கேட்டிருக்கிறார்கள்? குமுதவல்லி போனை எடுத்துக்கொண்டு பாறைமேல் ஏறியது. மைனா ஒன்று நடத்தும் சமையல் சேனலைத் திறந்தது. “வணக்கம் செல்லங்களே! வீட்டுல இருக்கிற பொருளை வச்சே, நோகாம நொடியில, வாயில போட்டதும் கரையுற பலாக்கொட்டை அல்வா!” என்று மைனா கூவியது. படத்தில் அல்வா பொன்னாகத் தளதளத்தது, நெய் அதன் மேல் வழிந்தது. குமுதவல்லி சொக்கிப்போய்விட்டது. மைனா பிறந்ததிலிருந்து புழுவைத் தவிர எதையும் தின்றதில்லை, அந்தப் புழுவையும் பச்சையாகத்தான் தின்கிறது என்பதையெல்லாம் அந்த நேரத்தில் யார் யோசிக்கப் போகிறார்கள்?

நோகாமல் நொடியில் என்று மைனா சொன்ன வேலையைக் கேளுங்கள். கொட்டையை வேக வைத்து, வெள்ளைத் தோலை உரித்து, அதற்கு உள்ளே இருக்கும் சிவப்புத் தோலைச் சுரண்டிச் சுரண்டிக் குமுதவல்லியின் குளம்பு தேய்ந்துவிட்டது. அரைக்கும்போது அம்மி வழுக்கிப் புதருக்குள் போனது, ஏகாம்பரம்தான் தேடி உருட்டிக்கொண்டு வந்தது. நெய்க்காகக் குமுதவல்லி எருமை வீட்டுக்கு நடந்து, அதன் மருமகள் புராணம் முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரு கரண்டி நெய்யோடு திரும்பியது. பிறகு வெல்லப்பாகு, பிறகு கிளறல். “கைவிடாம கிளறுங்க செல்லங்களே. பக்குவம் வந்ததும் இறக்கிடுங்க” என்றது மைனா. எந்தப் பக்குவம், எப்போது வரும், வந்தால் எப்படித் தெரியும் என்று ஒரு வார்த்தை கிடையாது. கேட்டால் அடுத்த வீடியோவுக்கு ஓடிவிடும்.

வீடியோவுக்குக் கீழே மற்றவர்கள் எழுதியிருந்ததைக் குமுதவல்லி படித்துப் பார்த்தது. “பலாக்கொட்டை இல்லை, கிழங்கு போட்டேன். வெல்லம் எனக்கு ஆகாது, உப்பு போட்டேன். பொரியல் அருமை, நன்றி அக்கா” என்று ஒரு காட்டுப்பன்றி எழுதியிருந்தது. “பார்த்தீங்களா, எல்லாருக்கும் நல்லா வந்திருக்கு” என்றது குமுதவல்லி.

பொழுது சாயும் நேரத்தில் அல்வாவை இறக்கியது. ஒரு பக்கம் கட்டி, ஒரு பக்கம் தண்ணீர், நடுவில் பசை. நிறத்தைப் பற்றி நான் சொல்ல மாட்டேன், சாப்பிடுகிற நேரத்தில் படிப்பவர்களும் இருப்பீர்கள். ஏகாம்பரம் ஒரு வாய் போட்டு வெகுநேரம் மென்றது.

“எப்படி?”

“நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு ஏகாம்பரம் தண்ணீர்க் குடத்தைத் தேடி ஓடியது. குடம் காலியாகும்வரை தலையை எடுக்கவில்லை.

புலி வந்தது. இலை போட்டார்கள். பிள்ளைகள் இருவரையும் புல்லுக்குள் ஒளித்து வைத்துவிட்டு ஏகாம்பரம் கதவோரம் நின்றது. புலி ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டது. மேல் தாடையும் கீழ் தாடையும் ஒட்டிக்கொண்டன. முன்னங்காலால் பிரித்துப் பார்த்தது, பின்னங்காலால் பிரித்துப் பார்த்தது, கடைசியில் மரத்தில் முட்டித் திறந்தது.

“ஏம்மா, இது என்ன?” என்று கேட்டுக்கொண்டே இலையை விட்டு எழுந்தது.

எழுந்துவிட்டது என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம். ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டது. ஆனால் குமுதவல்லிக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம் வந்தது. ஒரு நாள் முழுக்க நெருப்பில் நின்றவரிடம் போய் இது என்ன என்று கேட்டால் யாருக்குத்தான் வராது?

“என்னவா? போன்ல மைனா வீடியோவைப் பார்த்துப் பார்த்து விடிஞ்சதுலேருந்து அடுப்புல வெந்திருக்கேன்! உட்கார்ந்த இடத்துல இலை போட்டா எல்லாரும் குறை சொல்லலாம். நீங்க ஒரு தடவை கிளறிப் பாருங்க, அப்பத் தெரியும்!”

புலிக்குக் கோபம் வந்திருக்கலாம். ஆனால் அது ஆண்புலி, சமையல் என்றால் ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த புலி.

“கிளறுறது ஒரு பெரிய வித்தையா? அந்தப் போனைக் கொடு. வீடியோவுல தெளிவாத்தான் சொல்லியிருப்பாங்க, நீ எங்கேயோ கோட்டை விட்டிருக்கே. நான் செஞ்சு காட்டுறேன். அல்வா சரியா வந்ததும் முதல்ல அல்வா, அப்புறம் உன் குடும்பம்” என்றது.

அப்படியாகப் புலி அடுப்பங்கரைக்குள் நுழைந்தது. வால் தீயில் பட்டு ஒரு தடவை துள்ளிக் குதித்தது, பாகில் நகம் ஒட்டிக்கொண்டு ஒரு தடவை உறுமியது. மறுநாள் மாலையில் சட்டியை இறக்கியபோது உள்ளே அச்சு அசலாகக் குமுதவல்லி செய்த அதே பசை.

புலியிடம் ஒரு பழக்கம் இருந்தது. சமைக்கிறவர் சமைத்ததில் வாய் வைக்கக் கூடாது, அடுத்தவர் ருசி பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே தொட வேண்டும் என்று அதன் அம்மா சொல்லி வளர்த்திருந்தது. அதனால் குமுதவல்லியைக் கூப்பிட்டது. “நேத்து நீ செஞ்சதைத் தாங்கின வாய் உன்னோடது. இதையும் பார்த்துச் சொல்லு. பக்குவம் வந்திருக்கா?”

குமுதவல்லி வாயில் போட்டது. பொய் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

“இன்னும் வரலைண்ணே” என்றது.

புலி மறுநாளும் கிளறியது. அதற்கு மறுநாளும் கிளறியது. பக்குவம் வரவே இல்லை. கிளறிக் கிளறித் தோள்பட்டை கழன்று போன பிறகு வேட்டைக்குப் போகத் தெம்பு ஏது? சபாபதி கொண்டுவந்து வைக்கும் பழைய சோற்றை மடக் மடக்கென்று குடித்துவிட்டு, “நாளைக்கு நெய்யை முன்னாடியே ஊத்திப் பார்க்கணும்” என்று புலம்பியபடியே தூங்கிவிடும். காட்டில் ஒரு தலையும் குறையவில்லை. மான்கள் பட்டப்பகலில் நடு ஓடையில் குளித்தன. எருமை நெய்யை இலவசமாகக் கொடுத்தது. குரங்கு ஆளில்லாத பங்களாவின் சோலார் பலகையில் போனுக்கு சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தது. ஊரே புலிக்குச் சமைக்க உதவியது, அந்த அல்வா நன்றாக வந்துவிடக் கூடாதே என்கிற ஒரே வேண்டுதலோடு.

புலிக்குச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். சமைப்பவரிடம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நிஜமாகவா என்று நூறு தடவை கேட்பார். சரியாக வரவில்லை என்று சொல்லிப் பாருங்கள், உடனே நம்பிவிடுவார்.

அப்புறம் ஒரு நாள் குரங்கு சார்ஜ் போட மறந்துவிட்டது. “பாகு காய்ஞ்சதும் நாம என்ன பண்ணப் போறோம்னா…” என்று மைனா சொல்லும்போதே போன் அணைந்துபோனது. புலி அதைத் தட்டியது, உதறியது, வெயிலில் காட்டியது. ஒன்றும் நடக்கவில்லை. வேறு வழியில்லாமல் முதல்முறையாகப் புலி சட்டிக்குள்ளே பார்த்தது. நெருப்பு அதிகமாகத் தெரிந்தது, ஒரு விறகை இழுத்தது. ஓரத்தில் பிடிப்பதாகத் தெரிந்தது, இன்னும் நெய் விட்டது. கரண்டியில் ஒட்டாமல் மொத்தமும் ஒரு பந்தாக உருண்டு வந்தது. இறக்கிவிட்டது.

மணம் காடு முழுக்கப் பரவியது. ஓடையில் குளித்துக்கொண்டிருந்த மான்கள் தலையைத் தூக்கின. எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. புலி தொடக் கூடாத சபாபதிகூடத் தன் வளைக்குள் போய் வாசலை மண் போட்டு மூடிக்கொண்டது.

“குமுதவல்லி! ருசி பாரு!” என்று புலி கூப்பிட்டது.

பொன் நிறம். தளதளப்பு. மேலே வழியும் நெய். குமுதவல்லி ஒரு துண்டை நாக்கில் வைத்தது. மைனா ஆயிரம் தடவை சொன்னாலும் நடக்காதது அன்று நடந்தது, வைத்ததும் கரைந்தது. அல்வா என்றால் என்னவென்று குமுதவல்லிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. இப்படி ஒன்றை ஒரே ஒரு தடவையாவது தன் கையால் செய்துவிட மாட்டோமா என்று ஏங்கி ஏங்கித்தானே அந்த ஒரு நாள் முழுக்க அடுப்பில் வெந்தது!

புலி குனிந்து அதன் முகத்தைப் பார்த்தது. அதன் கண்ணிலும் ஆசை இருந்தது, பாவம். “சொல்லு, பக்குவம் வந்துடுச்சா?”

குமுதவல்லி புல்லைப் பார்த்தது. புல்லுக்குள்ளிருந்து இரண்டு குட்டிக் காதுகள் தெரிந்தன.

“என்னண்ணே இது” என்று முகத்தைச் சுளித்தது. “கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. இவ்வளவு மோசமா நான்கூடப் பண்ணினதில்லையே!”

புலியின் மீசை தொங்கிப்போனது. சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அல்வா முழுவதையும் ஓடையில் கொட்டியது. அதைத் தின்ற மீன்கள் அன்று முழுக்கத் துள்ளிக்கொண்டே இருந்தன.

“மனசை விட்டுடாதீங்க. வீடியோ இல்லாம செஞ்சா இப்படித்தான் ஆகும். நாளைக்கு நானே நின்னு சார்ஜ் போட்டு எடுத்துட்டு வர்றேன், மைனா சொல்றபடி முதல்லேருந்து பண்ணுங்க” என்றது குமுதவல்லி. “சட்டியை இப்படிக் கொடுங்கண்ணே, நான் கழுவித் தர்றேன்.”

சட்டியோடு பாறைக்குப் பின்னால் போனதும் ஏகாம்பரமும் பிள்ளைகளும் ஓடிவந்தார்கள். நால்வரும் அடியில் ஒட்டியிருந்ததை நக்கினார்கள். ஏகாம்பரம் தலையைச் சட்டிக்குள் விட்டு நக்கியது.

“எப்படி?” என்றது குமுதவல்லி.

“நல்லா இருக்கு” என்றது சட்டிக்குள்ளிருந்து ஏகாம்பரம். வெளியே வந்து மீசையை நக்கிக்கொண்டது. தண்ணீர்க் குடம் பக்கத்திலேயே இருந்தது, அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குமுதவல்லி குடத்தைப் பார்த்தது. ஏகாம்பரத்தைப் பார்த்தது. மறுபடியும் குடத்தைப் பார்த்தது.

“அப்போ அன்னிக்கு நான் செஞ்சது?” என்றது.

புலியிடமிருந்து தப்பித்த ஏகாம்பரம் அன்று முழுக்க வீட்டுக்குள் வரவில்லை.

நீதி: அடுத்தவர் சமையல் அருமையாக வந்துவிட்டால் வாயைத் திறந்து பாராட்டிவிடாதீர்கள். கரண்டியைக் கீழே வைத்ததும் அவருக்குப் பசிக்கும், பக்கத்தில் நிற்பது நீங்கள்தான்.