ஹாய்ட்டைக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்ட தங்கைக்கு

அன்புத் தங்கை ஒலீட்டாவுக்கு, டென்னசியிலிருந்து உன் அண்ணன் எல்பர்ட் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் நாயும் சௌக்கியம். என் வலது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை, காரணம் கீழே வருகிறது. ஒஹாயோவில் இன்னும் பனி கொட்டுகிறதாமே, வாசல்படியில் பார்த்து இறங்கு.

உன் கடிதம் கிடைத்தது. "ஹாய்ட் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். நீ நாற்பது வருஷமாக அவரோடு பழகுகிறாய். ஒருநாள் முழுக்கக் கூட இருந்து கவனித்துவிட்டு, சரி அல்லது வேண்டாம் என்று எழுது, அதன்படி நடக்கிறேன்" என்று கேட்டிருந்தாய். கணவனை இழந்து ஐந்து வருஷம் தனியாக இருந்தவள் இப்படி ஒரு பொறுப்பை என் தலையில் வைத்தால் நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியுமா? ஒரு மனிதனின் குணம் படகில் தெரிந்துவிடும் என்பதால் சென்ற சனிக்கிழமை அவனை ஏரிக்கு பாஸ் மீன் பிடிக்க அழைத்துப்போனேன். அழைத்துப்போனேன் என்றால், வண்டி அவனுடையது, படகு அவனுடையது, பெட்ரோலும் அவனுடையது. யோசனை என்னுடையது. மார்ச் இரண்டாம் வாரம், தண்ணீர் இன்னும் ஐஸ்தான், ஆனாலும் பெரிய பாஸ் மீன்கள் முட்டையிடக் கரையோரம் ஏறிவருகிற சமயம் அல்லவா. பாரபட்சமில்லாமல் கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

முதல் குறை, சுறுசுறுப்பு கிடையாது. ஐந்தரைக்கு வருவதாகச் சொன்னவன் ஐந்தரைக்கே வந்துவிட்டானாம். என் வீட்டில் விளக்கு எரியவில்லை என்று வாசலில் வண்டிக்குள் குளிரில் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறான். "ஏண்டா, ஹாரன் அடிச்சா உன் கை தேஞ்சா போயிடும்?" என்றேன். "தூங்குறவன எதுக்குடா எழுப்பணும், மீன் எங்கயும் ஓடிடாது" என்றான். இப்படிப்பட்டவன் நாளைக்கு வீடு பற்றி எரிந்தாலும் உன்னை எழுப்புவானா என்று யோசித்துப் பார்.

அடுத்தது படகு. அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை உண்டு, இறக்குவதற்கு முன் அதற்குத் தக்கை போடவேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் படகின் சொந்தக்காரன் ஒரு வார்த்தை கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டாமா? கரையிலிருந்து நூறு கஜம் போனதும் கணுக்கால் வரை தண்ணீர். ஹாய்ட் என்னைத் திரும்பிப் பார்த்து, "எல்பர்ட், நாம ஏரிக்குள்ள போறமா, ஏரி நமக்குள்ள வருதா?" என்றான். தக்கை என் சட்டைப்பையில் இருந்தது. அவன் அதை வாங்கி, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, படகின் பின்பக்கமாக வெளியே குனிந்து, அந்தக் குளிர்ந்த ஏரித் தண்ணீரில் தோள்வரை கையை விட்டுத் தடவித் தடவி அடைத்தான், அப்புறம் காப்பி டப்பாவால் அரைமணி நேரம் தண்ணீரை இறைத்தான், ஒரு தடவைகூடத் திட்டவில்லை. கோபமே வராத ஆண்களை நான் நம்புவதில்லை, ஒலீட்டா. எங்கேயோ சேர்த்துவைக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிறகு மீன்பிடிப்பு. நான் வீசிய முதல் வீச்சு மரக்கிளையில் மாட்டியது, இரண்டாவதும் அதே கிளை, மூன்றாவது அவன் தொப்பியில். தொப்பி இருந்த இடத்தில் தலையும் இருந்ததால் கொஞ்சம் ரத்தம் வந்தது. "பரவால்லடா, இன்னிக்கு நீ புடிச்சதுலயே பெரிசு நான்தான்" என்று சொல்லிக் கொக்கியைத் தானே பிடுங்கிக்கொண்டான். அடிபட்ட நேரத்தில் கேலி பேசுகிற ஆள், குறித்துக்கொள். அதோடு மீன்பிடிக்க வந்த இடத்தில் மீனைப் பற்றிப் பேசவேண்டுமா இல்லையா? இவன் ரொட்டியைப் பிய்த்து எனக்குப் பெரிய பாதியைக் கொடுத்துவிட்டு, "ஒலீட்டாவுக்கு வெங்காயம் ஒத்துக்காதுல்ல? அவளுக்குக் குளிர்ல கை விரல் மரத்துப்போகுமே, இப்ப எப்படி இருக்காம்?" என்று ஆரம்பித்துவிட்டான். சத்தம் கேட்டு மீன்கள் எல்லாம் அடுத்த மாகாணத்துக்குப் போயிருக்கும்.

போகவில்லை. பதினொரு மணி வாக்கில் அவன் தூண்டிலில் ஒன்று மாட்டியது. கோல் வில்லாக வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. ஒருமுறை மீன் மேலே எம்பிக் குதித்து வாயைத் திறந்தது, ஒலீட்டா, என் இரண்டு கைமுட்டியும் உள்ளே போகும். எட்டு பவுண்டுக்குக் குறையாது. இந்த ஏரியில் அப்படி ஒன்றை நான் பார்த்ததேயில்லை. "எல்பர்ட், வலைய எடு, வலைய எடு" என்று கத்தினான். அந்த நேரம் பார்த்து அவன் மல்லுக்கட்டியதில் படகு ஆட்டம் கண்டது, நான் முழங்காலை விளிம்பில் இடித்துக்கொண்டு தலைகுப்புறத் தண்ணீரில் விழுந்தேன். மிதவைச் சட்டை போட்டிருந்தேன். நீ போடாவிட்டால் படகை எடுக்கமாட்டேன் என்று காலையில் அவன் அடம்பிடித்ததால் போட்டது. அந்தக் குளிரில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அடுத்து அவன் செய்த காரியத்தைக் கேள். கோலை அப்படியே விட்டுவிட்டான். மீன், கோல், ரீல் எல்லாம் ஏரியோடு போயிற்று. "நான் புடிச்சுக்கிட்டேன், விடமாட்டேன், கால உதைடா, உதை" என்று என் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து மேலே போட்டான். எட்டு பவுண்டு பாஸைக் கைநழுவ விடுகிறவன் ஒரு குடும்பத்தை எப்படிக் கட்டிக்காப்பான்?

அதோடு மானமும் போயிற்று. தன் காய்ந்த கால்சட்டையை எனக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவன் நீள உள்ளாடையோடு மோட்டாரை ஓட்டினான். அந்தக் கோலத்தில் ஏரிக் காவலர் படகில் வந்து மறித்தார், சின்ன வயசு ஆள். என் மீன்பிடி லைசென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்த்து, "ஐயா, இது போன மாசமே முடிஞ்சிருச்சே, இதோட மீன் புடிச்சீங்களா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஹாய்ட் சொன்னான்: "தம்பி, காலையிலேர்ந்து பாத்துட்டிருக்கேன். இவன் செஞ்சதுக்குப் பேரு மீன் புடிக்கிறதுன்னா, நீ தாராளமா அபராதம் போடு." காவலர் என்னைப் பார்த்தார், நடுங்கிக்கொண்டிருந்தேன். அவனுடைய உள்ளாடையைப் பார்த்தார். "திங்கக்கிழமை முதல் வேலையா புதுப்பிச்சிருங்க ஐயா" என்று சொல்லிப் போய்விட்டார். ஓர் அரசாங்க ஆள் முன்னால் என் திறமையை இப்படியா எடுத்துச் சொல்வது?

ஆகவே நன்றாக யோசித்து, உன் நன்மை ஒன்றையே மனதில் வைத்துச் சொல்கிறேன்: வேண்டாம். உனக்கு நோய்நொடி இல்லாத நீண்ட ஆயுளைக் கடவுள் தரட்டும். உன் பூனைகள் மூன்றுக்கும் என் விசாரிப்புகள்.

இப்படிக்கு
உன் நலத்தையே நாடும் அண்ணன்
எல்பர்ட்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஹாய்ட் வந்துவிட்டான், தபாலாபீஸ் பக்கம் போகிறானாம், கொடு போட்டுவிடுகிறேன் என்றான். உனக்குத்தான் எழுதியிருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். "என்ன எழுதினே?" என்றுகூடக் கேட்கவில்லை. வெளியே வண்டியில் காத்திருக்கிறான், அதனால் சுருக்கமாக. படகு ஆடவேயில்லை. வலையை எடு என்று அவன் சொன்னபோது நான் வலையை விட்டுவிட்டு அவன் கையிலிருந்த கோலைப் பிடுங்கப் போனேன், அதில்தான் விழுந்தேன். அவன் இதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டான். கட்டிக்கொள், ஒலீட்டா, இதைவிட நல்லவன் உனக்குக் கிடைக்கமாட்டான். அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் சொன்னான், நீ சரி என்றால் படகை விற்றுவிட்டு ஒஹாயோவுக்கே வந்துவிடுவானாம். அப்புறம் இங்கே நானும் நாயும்தான். மேலே இருக்கிற நாலு பக்கமும் அதைக் கேட்ட பிறகு எழுதியது.