ஸ்பாமில் விழுந்த சாமி

2005இல் இலங்கை மலைநாட்டின் ஹட்டன் நகரத்தில் தெய்வம் குடியிருந்தது கோயிலில் அல்ல. பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த இன்டர்நெட் கடையின் பின்னறையில்! அங்கே வீற்றிருந்தவர் ஈமெயில் சாமியார். முந்தின வருடம்வரை அவர் வெறும் செல்லசாமி. கொழும்பில் கொம்பியூட்டர் ரிப்பேர் பழகியவர். தாடி வளர வளர ஞானமும் வளர்ந்துவிட்டது.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் கெம்பஸ் பிள்ளைகளுக்கு ஈமெயிலில் வரவேண்டிய கடிதம் வரவில்லையா? சனி மறிக்கிறான் என்பார் சாமியார். பிறகு பாஸ்வேர்டைக் கேட்டுச் செப்புத் தகட்டில் எழுதுவார், சனிக்குப் புரியவேண்டுமே! திரைக்குப் பின்னால் போய் மணி அடிப்பார். வெளியே இருக்கும் கொம்பியூட்டரில் கடிதம் வந்து நிற்கும். அரோகரா! மஸ்கெலியாவிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்தது கூட்டம்.

லிந்துலைத் தேயிலைத் தோட்டத்து நிஷாந்தி பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். விடுமுறையில் வந்தவளுக்குப் பரீட்சை முடிவு வரவில்லை என்றதும், தாய் வேலாயி அவளைச் சாமியாரிடம் இழுத்துப் போனாள். மணி அடித்தது, முடிவு வந்தது. வேலாயி விழுந்து கும்பிட்டாள். பொய் சொல்வானேன், படித்த நிஷாந்திக்கும் உடம்பு சிலிர்த்தது.

கொஞ்ச நாளில் மறுபடியும் சனி. உதவிப்பணத்துக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் அவளோடு படிக்கும் கஜனிக்கு வந்துவிட்டது, இவளுக்கு வரவில்லை. ஆளுக்கொரு நாள் குறித்திருந்தார்கள். அந்த நாளைத் தவறவிட்டால் படிப்பு அதோடு சரி.

"கெளம்பு புள்ள, சாமிகிட்ட போவோம்" என்றாள் வேலாயி.

"ஏம்மா, எல்லாம் தெரிஞ்ச சாமிக்கு என் பாஸ்வேர்ட் மட்டும் ஏன் தெரியல?"

"வாய மூடு! சாமி குத்தம் ஆயிரும்."

கோபத்தில் கேட்ட கேள்விதான். ஆனால் அது அவளையே தூங்கவிடவில்லை. மறுநாள் தலவாக்கலையில் வேறொரு இன்டர்நெட் கடைக்குப் போய்த் தன் ஈமெயில் கணக்கைத் திறந்தாள். ஓரத்தில் 'ஸ்பாம்' என்று ஒரு பெட்டி. வேண்டாத விளம்பரங்களை ஒதுக்கித் தள்ளும் குப்பைக்கூடை. அவள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். லொத்தர் சீட்டுப் பரிசுகளுக்கும் உடம்பு இளைக்கும் மாத்திரைகளுக்கும் நடுவே பல்கலைக்கழகக் கடிதம்! நேர்முகத் தேர்வு வருகிற வியாழக்கிழமை.

அது எப்படிக் குப்பைக்குப் போனது? எது கடிதம், எது குப்பை என்று பிரிக்கும் வடிகட்டியின் அமைப்பைத் திறந்தாள். பல்கலைக்கழக முகவரியையே குப்பை என்று யாரோ பதிந்திருந்தார்கள். அவள் பதியவில்லை. பாஸ்வேர்ட் தெரிந்த இன்னொருவர் உலகத்தில் ஒருவர்தான்.

கடிதத்தை அங்கேயே விட்டுவிட்டுப் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை தாயோடு சாமியாரிடம் போனாள். நல்ல கூட்டம். "பழைய பாஸ்வேர்ட்தானே மகளே?" என்றார் சாமியார்.

"தகட்டுல இருக்குமே சாமி, பாருங்க."

மணி அடித்தது. கடிதம் வரவில்லை. இன்னும் பலமாக அடித்தது. அப்போதும் வரவில்லை. சாமியார் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்.

"வெள்ளிக்கிழமை வீட்ல கருவாடு சமைச்சீங்களா?"

வேலாயி நடுங்கிப் போனாள். "ஆமாங்க சாமி, கொஞ்சமாத்தான்..."

"கருவாடு பாவம், அத விடுங்க சாமி" என்றாள் நிஷாந்தி. "நான் பாஸ்வேர்ட மாத்திட்டேன்."

எல்லோரும் பார்க்கப் புதிய பாஸ்வேர்டைப் போட்டாள். ஸ்பாம் பெட்டியைத் திறந்தாள். மணியும் இல்லை, மந்திரமும் இல்லை, கடிதம் இருந்தது. கடிதங்கள் சிலசமயம் தானாகவே இந்தக் குப்பையில் விழும், சாமியார் உள்ளே போய் அதைத்தான் வெளியே எடுத்துப் போடுகிறார், ஆட்களை மறுபடி தன்னிடம் வரவழைக்க, அடுத்த கடிதமும் குப்பைக்கே போகும்படி வடிகட்டியையும் மாற்றிவிடுகிறார் என்று விளக்கினாள். மகனின் கடிதத்துக்காக மஸ்கெலியாவிலிருந்து வந்து காத்திருந்த அழகுமுத்து எழுந்துபோய்த் திரையை விலக்கினார். கர்ப்பக்கிரகத்தில் ஒரு கொம்பியூட்டரும் பாதி குடித்த பிளேன்டீயும்!

"அடப் பாவி!" என்று அவர் திரும்புவதற்குள் சாமியார் பின்படியால் இறங்கி மறைந்துவிட்டார்.

தகட்டிலிருந்த பாஸ்வேர்டைப் போட்டு, அழகுமுத்து மகனின் கடிதத்தையும் நிஷாந்தி அவன் கணக்கின் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மனிதர் கண் கலங்கி, சாமியாருக்கென்று மடியில் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தை அவள் காலடியில் வைத்தார். "தாயே, இனி நீதான் எங்களுக்குச் சாமி!"

நிஷாந்தி பதறி விலகினாள். "ஐயா, கொம்பியூட்டர்கூடக் குப்பையப் பிரிச்சு வைக்குது. உங்க தலைக்குள்ளயும் ஒரு வடிகட்டி இருக்குங்க. அதயும் இன்னொருத்தர் கையில குடுத்துடாதீங்க!"