சீனி மட்டும்தான்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தனி இனம் வாழ்கிறது. விடியக் காலையில் கடலோர மரீன் டிரைவ் பக்கம் போனால் கூட்டமாகவே காணலாம். வெள்ளைச் சப்பாத்து, கையில் தண்ணீர்ப் போத்தல், அரை மணி நேர நடை, அந்த நடையைக் கொண்டாட எண்ணெயில் பொரித்த இரண்டு பற்றீஸ். "எப்படிச் சுகம்?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கு வேற ஒரு வருத்தமும் இல்லை, சீனி மட்டும்தான்" என்பார்கள், ஏதோ தங்களிடம் ஒரேயொரு பட்டம்தான் இருக்கிறது என்கிற அடக்கத்தோடு.

நீரிழிவைச் சீனி என்று செல்லமாகச் சுருக்கிவிட்ட இந்தச் சீனிமட்டும்காரரின் தலைவர் கதிர்காமநாதன். ஓய்வு பெற்ற நில அளவையாளர். உடம்பையும் காணி மாதிரி எல்லை போட்டு வைத்திருந்தார்: சீனி இரத்தத்துக்குச் சொந்தம், இதயம் வேறு காணி, வேறு உறுதிப்பத்திரம். இரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து பாவக்காயும் குரக்கன் பிட்டுமாகத் தவம் இருப்பார். பரிசோதனை முடிந்த அன்றே லட்டு. மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனை ஒன்றை வைத்தியர் எழுதியபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "பழசை ஏன் கிளறுவான்?" இதயத்தைக் காக்க வைத்தியர் எழுதிய கொலஸ்ட்ரோல் குளிசையையோ தொடவே இல்லை. இதயத்தில் பிழையில்லாத மனுசன் இதயக் குளிசை போடலாமா?

போன ஆவணியில் கொட்டாஞ்சேனையில் ஓர் உறவுக்காரப் பெண்ணின் நிச்சயதார்த்தம். மண்டபம் மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. பலகாரத் தட்டோடு ஏறிய கதிர்காமநாதன், மேலே போனதும் கதிரையில் தொப்பென்று இருந்தார். சேட் முழுக்க வியர்வை. மூச்சு வாங்கியது.

மனைவி சுபோதினி ஓடி வந்தார். "என்னப்பா, நெஞ்சு நோகுதே?"

"இல்லை."

"அப்ப என்ன?"

"காஸ்."

காஸ் என்றதுதான் தாமதம், மண்டபமே வைத்தியசாலை ஆனது. ஒருவர் பெருங்காயம் என்றார், ஒருவர் ஓமத் தண்ணீர் என்றார், மாப்பிள்ளையின் பெரியப்பா முதுகில் ஓங்கி நாலு அடி போட்டார். கடைசியில் இஞ்சிச் சோடா வந்தது. அதில் எவ்வளவு சீனி என்று யாருக்குக் கவலை? அவர் இரண்டு போத்தல் குடித்தார். குடித்தும் உதடு வெளிறியே கிடந்தது.

"ஆசுபத்திரிக்குப் போவம்," என்றார் சுபோதினி.

"நெஞ்சு நோகாமல் ஹார்ட் அட்டாக்கோ? விசர்க் கதை கதைக்காதையும். சாப்பாடு இன்னும் போடேல்லை."

சுபோதினி வாதாடவில்லை. ஓட்டோவைக் கூப்பிட்டார். பெரியப்பாவும் மாப்பிள்ளையும் அவரைக் கதிரையோடு தூக்கிப் படியிறக்கினார்கள். வழி நெடுக அவர் மட்டன் கறியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே போனார்.

ஈ.சி.ஜி. தாளைப் பார்த்த டொக்டர் மஸாஹிராவின் முகம் மாறியது. "ஐயா, இது மாரடைப்பு."

"தப்பான இடத்துக்கு வந்திட்டம் டொக்டர். நான் சீனிக்காரன்."

"அதனாலதான். வருசக்கணக்கா சீனி கூடியிருந்தா இதயத்துக்குப் போற இரத்தக்குழாய் அடைக்கும். நரம்பும் கெடும். நரம்பு கெட்டா நோவே தெரியாமப் போகலாம்."

 அப்போதுதான் கதிர்காமநாதன் சுபோதினியைப் பார்த்தார். கணவருடைய மணிக்கூட்டையும் செருப்பையும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அதைக் கண்ட பிறகுதான் அவருக்குப் பயம் வந்தது.

"பயப்பிடாதையும்," என்றார் மனைவியிடம்.

அடைப்பை எடுத்துக் குழாய்க்குள் ஸ்டென்ட் என்கிற வலைச்சுருள் வைத்தார்கள். ஆறாம் நாள் வீடு வந்தார். இப்போது எல்லாக் குளிசையும் போடுகிறார். அவர் விழுங்கும் வரை சுபோதினி பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

நீங்கள் இவ்வளவு நேரமும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? 'அவருக்கு வயது கூட, நான் லட்டே தொடுவதில்லை, எனக்கு மூச்சு வாங்குவது வெயிலால்' என்று அவருக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசங்களை எண்ணிக்கொண்டுதானே? எத்தனை வந்தது? பத்துக்கு மேல் வந்திருந்தால், தயவுசெய்து நாளைக்கே ஒரு வைத்தியரைப் பாருங்கள்.