புனலில் விழுந்த முதல் ஆள்

"விழுந்துட்டாங்க! ஒருத்தர் விழுந்துட்டாங்க!"

அவர் போட்ட கூச்சலில் குளியலறையிலிருந்த மனைவி ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"யாரு? எங்க? மாடிப்படியிலயா?"

"புனல்ல" என்றார் அவர், கணினித் திரையைக் காட்டி.

மனைவி குனிந்து பார்த்தாள். திரையில் ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது.

"இது உங்க முகவரிங்க. அச்சகத்துல இருந்தப்ப வச்சிருந்தீங்களே, அது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அவருடையதுதான். எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காலையில் அவரே ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்திருந்தார்.

"வெளியாள் ஒருத்தர் விழுந்தா சொல்லுங்க" என்று மனைவி திரும்பிப் போனாள்.

இந்தப் புனல் என்ன கண்றாவி என்பதைச் சொல்லிவிட வேண்டும். யாரோ ஒரு கம்பெனியின் சரக்கைப் புகழ்ந்து இவர் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போடுவார். பார்க்க வருகிறவனிடம் 'காலைக் காப்பது எப்படி' என்று ஒரு இலவசப் புத்தகத்தை நீட்டி, அவன் முகவரியை வாங்கிக்கொள்வார். அன்றிலிருந்து அவனுக்குக் கடிதம் மேல் கடிதம் தானாகவே போகும். அவன் தொல்லை தாங்காமல் சரக்கை வாங்கினால் இவருக்குக் கமிஷன். மேலே நிறைய ஊற்றினால் கீழே கொஞ்சமாவது சொட்டும் என்பது ஏற்பாடு. எண்ணெய்க் கடைக்காரனும் புனல் வைத்துத்தான் பிழைக்கிறான். ஆனால் அவனிடம் எண்ணெய் இருக்கிறது.

இவர் விற்ற சரக்கின் பெயர் அல்பினோரா. ஷூவுக்குள் வைத்துக்கொள்கிற பாத மெத்தை. பனிமலை நாட்டு விஞ்ஞானிகள் தலையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்தது என்று கம்பெனி எழுதியிருந்தது. அந்த மெத்தையை அவர் கண்ணால் பார்த்ததில்லை, கையால் தொட்டதில்லை. இந்தத் தொழிலில் அதற்கு அவசியமே இல்லை என்று வாத்தியார் சொல்லியிருந்தார்.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. வீடியோவில் வருகிறவர். எப்போதும் பெரிய காரில் உட்கார்ந்துகொண்டுதான் பாடம் நடத்துவார். அந்தக் கார் நகர்ந்து யாரும் பார்த்ததில்லை. வேலை பார்த்த அச்சகம் மூடிப்போன மறுமாதம், கையில் கிடைத்த தொகையில் பாதியை இவர் அந்த ஆளிடம் கொண்டுபோய்க் கொட்டினார். ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஒரு சொட்டு சொட்டவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்திருந்தார். மனைவியின் அண்ணன். கார்களுக்கு ரப்பர் கால்மிதி வெட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார். வந்தால் நாற்காலியில் உட்கார மாட்டார். சாய்வார்.

"என்ன மாப்ள, யாவாரம் எப்படி?"

"சூடு பிடிக்கிற நேரம் மச்சான்."

"ஒரு வருஷமா அடுப்பே பத்தலையே, எங்க சூடு பிடிக்கிறது? எம் பட்டறையில தூசியக்கூட நான் வித்துடுவேன். கையில பொருள் இருக்கணும். இல்லாத பொருளை எவன்யா வாங்குவான்?"

"இது வெளிநாட்டு சரக்கு. உங்களுக்குப் புரியாது."

"எனக்குப் புரிய வேணாம். எந்தங்கச்சி நாள் முழுக்க மருந்துக் கடையில நின்னு கால் வீங்கி வரா. அது எனக்குப் புரியுது. அடுத்த ஞாயிறு வருவேன். அதுக்குள்ள ஒண்ணு வித்துக் காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு. இல்லேன்னா திங்கக்கிழமை பட்டறைக்கு வந்துடணும். வெட்டுற மிஷின்ல ஆள் இல்ல. சரியா?"

"சரி" என்றாள் மனைவி, கணவனைக் கேட்காமலே.

மச்சான் போனதும் அவள் ஜன்னலைத் திறந்துவைத்தாள். அவர் வந்து போனால் அது வழக்கம். அவர் சட்டையிலிருந்து வரும் ரப்பர் வாடை போக ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த வாடையில் வாழ்நாள் முழுக்க நிற்பதை நினைத்துப் பார்த்தார் கணவர். அதைவிட, ஒவ்வொரு கல்யாணத்திலும் மச்சான் தன் தோளில் கைபோட்டு, "நம்ம பட்டறையிலதான் இருக்காரு" என்று சொல்லப் போவதை நினைத்தார். 

மறுநாள் வாத்தியாரின் பாடத்தை இன்னொரு தடவை கேட்டார். 'நிஜமான வலியைக் காட்டு' என்றார் வாத்தியார், காரிலிருந்து.

நிஜமான வலி வீட்டிலேயே இருந்தது. மனைவி வேலை முடிந்து வந்து சோபாவில் அப்படியே தூங்கிப்போயிருந்தாள். வீங்கிய பாதம், வெடித்த குதிகால். வலது கணுக்காலில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு, இலை மாதிரி. அவர் செல்போனை எடுத்து நாலு படம் பிடித்தார். 'இந்தக் கால்களைப் பாருங்கள். கண்ணீர் வரவில்லையா?' என்று எழுதி ஏற்றினார்.

உடனே கூட்டம் வந்தது. அன்றைக்கு மட்டும் பக்கத்தை அத்தனை பேர் பார்த்திருந்தார்கள். ஒருவரும் முகவரி கொடுக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் மனைவி வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு களிம்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"என்ன இது?"

"கடையில எல்லாரும் சேர்ந்து வாங்கிக் குடுத்தாங்க. தழும்பை வச்சுக் கண்டுபிடிச்சுட்டாங்க. கேஷியர் பொண்ணு அழுதுட்டா. 'அக்கா, உங்க கால் இப்படின்னு சொல்லவே இல்லையே'ன்னு."

"பாத்தியா, கண்ணீர் வருது! படம் வேலை செய்யுது."

மனைவி களிம்பைத் திறந்து காலில் தடவிக்கொண்டாள். திட்டியிருந்தால் அவருக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

படத்தை எடுத்துவிட்டார். கூட்டமும் போய்விட்டது.

புதன்கிழமை அடுத்த பாடம். 'முன்பின் தெரியாதவன் வரமாட்டான். தெரிந்தவர்களிடமிருந்து தொடங்கு. சொந்தக்காரன் மாதிரி மனசைத் திறந்து எழுது.' அவர் தன் செல்போனில் இருந்த ஆட்களை ஒருவர் விடாமல் புனலுக்குள் கொட்டினார். மாமியார், சித்தப்பா, வீட்டுக்காரர், பழைய அச்சக முதலாளி, குழாய் ரிப்பேர்க்காரர். மனைவியின் மருந்துக் கடை முதலாளியம்மாவும் அதில் இருந்தார். எல்லாருக்கும் இவர் பெயரில் கடிதம் போனது: 'நேற்று இரவு முழுவதும் உங்கள் பாதங்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். தூக்கம் வரவில்லை.'

வீட்டுக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். எழுபது வயசு மனுஷர். வாசலில் நின்றபடி, "எங்கால்ல என்னய்யா உனக்கு?" என்றார். "நாப்பது வருஷமா எம்பொண்டாட்டியே நினைச்சதில்ல, நீ ஏன் நினைக்கிற?"

"அது எல்லாருக்கும் போற கடிதம் சார்."

"எல்லார் காலையும் நினைக்கிறியா? டாக்டரப் பாருய்யா."

அது பரவாயில்லை. அடுத்த நாள் மனைவி மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"முதலாளியம்மா கூப்பிட்டுக் கேட்டாங்க. 'உங்க வீட்டுக்காரர் ஏம்மா என் காலை நினைச்சு ராத்திரி முழிச்சிருக்காரு'ன்னு. நான் என்ன பதில் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

"நான் வந்து பேசறேன்."

"வராதீங்க. வந்தா என்னை வேலையைவிட்டே அனுப்பிடுவாங்க. இன்னொரு கடிதம் வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. இந்த வீட்ல உருப்படியா இருக்கிறது என் வேலை ஒண்ணுதான். அதுக்கும் கொள்ளி வச்சுடாதீங்க."

அவர் உடனே கணினி முன்னால் உட்கார்ந்தார். கடிதங்களை நிறுத்துகிற இடத்தைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தார். 'இவர்களை இந்தக் கடித வரிசையிலிருந்து எடுத்துவிடவா?' என்று கேட்டது. முதலாளியம்மாவை மட்டும் பட்டியலிலிருந்தே அழித்தார். பிறகு, வம்பே வேண்டாம் என்று மற்ற எல்லாரையும் தேர்ந்தெடுத்து 'ஆம்' என்று அழுத்தினார். மூச்சு வந்தது.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. வாத்தியார் கொடுத்த புனலில் முதல் வரிசையிலிருந்து எடுத்தால் ஆள் வெளியே போவதில்லை. நேராகக் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறான். வாங்காமல் நழுவுகிறவனை மிரட்டுவதற்கென்றே ஒரு வரிசை. அதற்கான கடிதத்தை வாத்தியாரே எழுதி வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை அது கிளம்பியது:

'இது என் கடைசிக் கடிதம். எத்தனையோ முறை அழைத்தேன், நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. இன்று மாலையோடு கதவை மூடிவிடுகிறேன். பிறகு நீங்கள் எவ்வளவு தட்டினாலும் திறக்காது. கதவு மூடாதிருக்க, இங்கே அழுத்துங்கள்.'

அவர் அப்போது உள்ளறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு வருஷத்தில் தான் விட்ட தப்பு எது என்று பாடங்களை முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். எந்தப் பாடத்திலும் தப்பு தெரியவில்லை. தப்பு தான்தான் என்று தோன்றியது. மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

வெளியே மாமியார், மச்சான், சித்தப்பா, வீட்டுக்காரர், ஒரு ஸ்பானரோடு குழாய் ரிப்பேர்க்காரர் எல்லாரும் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது அவர் காதில் விழவில்லை.

"மாப்பிள்ளை! திறங்க மாப்பிள்ளை!"

"திறக்காதுன்னு எழுதியே இருக்கான்" என்றார் வீட்டுக்காரர். "சொன்னபடி செய்யறான்."

மச்சான் தோளால் ஒரே இடி இடித்தார். தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டு வந்தது. மேஜையில் கவிழ்ந்து கிடந்த தலையைப் பார்த்து மாமியார் வீறிட்டார். அந்தச் சத்தம் மட்டும் ஹெட்போனைத் தாண்டிக் கேட்டது. அவர் நிமிர்ந்தார்.

"என்ன அத்தை? எல்லாரும் எப்ப வந்தீங்க?"

மாமியார் அவர் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். "நாங்க திரும்பிப் பாக்கலைன்னு எழுதிட்டீங்களே மாப்பிள்ளை! போன மாசம்கூட வந்துட்டுத்தானே போனேன்!"

விஷயம் விளங்க அரை மணி நேரம் ஆயிற்று. விளங்கியதும் ஆளுக்கொரு பக்கம் திட்டினார்கள். குழாய் ரிப்பேர்க்காரர் வந்ததற்குக் கூலி கேட்டார். நடுவில் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நல்லவேளை, நான் அந்தப் பொத்தானை அமுக்கிட்டேன்."

அவர் மெதுவாகத் திரும்பினார். "எந்தப் பொத்தான் அத்தை?"

"அமுக்கினா கதவு மூடாதுன்னு போட்டிருந்துச்சே. அமுக்கினேன். பேரு கேட்டுச்சு, போட்டேன். முகவரி கேட்டுச்சு. உங்க வீட்டைத்தான் போட்டேன். அப்பத்தானே உங்களைக் காப்பாத்த ஆள் வரும். கடைசில, பொருள் வந்ததும் பணம் குடுக்கறீங்களான்னு கேட்டுச்சு. உசிருக்கு முன்னால பணம் என்னன்னு சரின்னுட்டேன்."

அவர் பாய்ந்து போய்த் திரையைப் பார்த்தார். 'விற்பனை: ஒன்று.'

ஒரு வருஷமாக முட்டையாக இருந்த இடம். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"செல்லாது, செல்லாது" என்றார் மச்சான். "எங்கம்மா பயந்துபோய் வாங்கினது."

"பயந்துபோய் வாங்கறதுக்குத்தான் அந்தக் கடிதமே மச்சான்!"

எல்லாரும் மனைவியைப் பார்த்தார்கள். தகவல் தெரிந்து கடையிலிருந்து ஓடிவந்திருந்த அவள் பிய்ந்த தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வித்தது வித்ததுதான்" என்றாள் கடைசியில். "ஞாயித்துக்கிழமைக்குள்ள பொருள் வந்து பணம் குடுத்தா, ஒத்துக்கறேன். வரலேன்னா திங்கக்கிழமை பட்டறை."

வெளிநாட்டிலிருந்து ரெண்டு நாளில் எங்கே வரப்போகிறது என்று மச்சான் சிரித்துக்கொண்டே போனார். அந்த ரெண்டு நாளும் மாப்பிள்ளை சாப்பிட்டாரா தூங்கினாரா என்று அவருக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் சீக்கிரமே வந்துவிட்டார். திருப்புளியோடு உள்ளறைக்குப் போய், தான் உடைத்த தாழ்ப்பாளைத் தானே மாட்டிக்கொண்டிருந்தார். வாசலில் மணி அடித்தது.

"பார்சல்" என்றார் மூன்று சக்கர வண்டிக்காரர் ஒருவர். கையில் அட்டைப் பெட்டி. மேலே பனிமலைப் படம். அல்பினோரா.

"ரெண்டே நாள்!" என்று மாப்பிள்ளை கூவினார். "பாத்தியா? வெளிநாட்டுக்காரன் வேகம்!"

மாமியார் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணம் கொடுத்தார். வண்டிக்காரர் சில்லறை தேடிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை பெட்டியைப் பிரித்தார். கறுப்பாக இரண்டு பாத மெத்தைகள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தொட்டுப் பார்த்தார், தடவிப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"என்னா தரம்! என்னா வாசனை!"

மனைவி எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். ஏன் திறந்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. ஜன்னல் பக்கத்திலேயே நின்றாள்.

அவர் மெத்தைகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளறையைப் பார்த்துக் கத்தினார். "மச்சான்! கேட்டுக்குங்க! ஒரு வருஷமா ராப்பகலா இதை விக்கத்தான் நான் பாடுபட்டேன். ஊரே சிரிச்சுது. இன்னைக்கு வித்துட்டேன்! சாகிற வரைக்கும் நான் உங்க பட்டறைக்கு வேலைக்கு வரமாட்டேன்!"

மச்சான் திருப்புளியோடு வெளியே வந்தார். அவரைப் பார்த்ததும் வண்டிக்காரர் சில்லறையை விட்டுவிட்டு ஒரு கும்பிடு போட்டார்.

"அட, முதலாளி! நம்ம கால்மிதி வெட்டின மிச்சத்தை அந்தக் கம்பெனிக்காரன் டப்பாவுல போட்டு அனுப்பச் சொல்றானே, அதை விக்கிறது இந்த சார்தானா? நாளைக்குப் புதுசா ஒருத்தர் வேலைக்கு சேரப்போறாருன்னு சொன்னீங்க, இவருதான் சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சே!"