தலையாட்டியது நானல்ல, மாத்திரை

உப்பிலியபுரம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மருமகன் டாக்டர் சித்தார்த்தனுக்கு, உன் தாய்மாமன் வெள்ளைச்சாமி எழுதுவது. இங்கே நான், உன் அத்தை மாரியாயி, மாடுகள் எல்லோரும் சௌக்கியம். என் மூக்கு மட்டும் இன்னும் ஒழுகுகிறது. அங்கே உன் நலத்தையும் உன் தங்கை கனிஷ்காவின் நலத்தையும் கேட்டதாக வைத்துக்கொள், எனக்கு அவசரம்.

போன வெள்ளிக்கிழமை கனிஷ்காவின் கல்யாணப் பேச்சுக்காக ஸ்ரீரங்கத்தில் உள்ள மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும்போது நான் தும்மினேன் என்று ஒரு சளி மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு நீ டியூட்டிக்குப் போய்விட்டாய். அங்கே நடந்ததைக் கேள். நான் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். மாப்பிள்ளையின் அப்பா ஜெயக்குமார், "கல்யாணத்த ஸ்ரீரங்கத்துலயே வச்சுக்கலாங்களா?" என்றாராம். என் தலை முன்னால் விழுந்ததாம். "மேளத்துக்குப் பதிலா டி.ஜே. வச்சுக்கலாங்களா?" மறுபடி விழுந்ததாம். "தாய்மாமனே தலையாட்டிட்டாரு, அப்புறம் என்னங்க?" என்று தாம்பூலத் தட்டை மாற்றிவிட்டார்கள். கல்யாணம் உப்பிலியபுரத்தில்தான் என்று நான் பச்சைமலை வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். இனி டீக்கடைப் பக்கம் எப்படிப் போவேன்?

சும்மா விடுவேனா? நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். ஹிஸ்டமின் என்று ஒரு மூலக்கூறு. மூக்கில் உள்ள செல்களின் மேல் ஏற்பி என்றொரு இருக்கை. இது அதில் உட்கார்ந்தால் தும்மல். உன் மாத்திரை செய்வது, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நம் ஆட்கள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிற வேலைதான். துண்டு கிடக்கிறது, ஹிஸ்டமின் நின்றுகொண்டே வருகிறது, தும்மல் இல்லை. இதுவரை நியாயம். ஆனால் மூளையில் நம்மை விழிக்க வைப்பதும் அதே ஹிஸ்டமின்தானாம். அங்கேயும் அதே மாதிரி இருக்கை. கண்டகண்ட பொருளும் மூளைக்குள் நுழையாதபடி ரத்தக்குழாய்ச் சுவரிலேயே காவல் இருக்கிறது. புது மாத்திரைகளைப் பெரும்பாலும் அது திருப்பி அனுப்பிவிடுமாம். நீ கொடுத்த பழைய ரகமோ கொழுப்பில் கரைந்து உள்ளே போய் அங்கேயும் துண்டைப் போட்டுவிட்டது. ஏம்ப்பா, மூக்குக்கு டிக்கெட் வாங்கினவன் மூளையில எதுக்கு இறங்கணும்?

உன் அத்தையிடம் இதைச் சொன்னால், "மாத்திரை போடாதப்ப மட்டும் முழிச்சுக்கிட்டா இருந்தீங்க? கே.கே. நகர் வளைகாப்புல குறட்ட விட்டது யாரு?" என்கிறாள். அறிவியல் தெரியாதவள். ஆகவே, ஆடிய தலை என்னுடையது, ஆட்டியது மூலக்கூறு, அது சம்மதம் ஆகாது என்று முத்திரை வைத்து ஒரு சான்று அனுப்பு. அதைக் காட்டிக் கல்யாணத்தை இங்கே கொண்டுவருவது என் பொறுப்பு. முடியாது என்றால் மாமன் சீரோடு நான் மேடை ஏற மாட்டேன்.

உன் கை பட்ட நோயெல்லாம் ஓடட்டும். மலைச்சாமிகள் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்தபடி,
வெள்ளைச்சாமி.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உன் அத்தை அன்றைய சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையில் உன் மாத்திரை, பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. சான்று வேண்டாம். நன்றாக யோசித்துத்தான் தலையாட்டினேன் என்று ஜெயக்குமாரிடம் சொல்லிவிடு. டி.ஜே.யும் இருக்கட்டும், மாலை எடுத்துக் கொடுக்கும்போது நான் விழித்திருக்க வேண்டும்.