நாங்கள் ஏழைகள் என்று ஒப்புக்கொண்ட கதை

அன்புத் தங்கை மர்டீனாவுக்கு, கிலென்ரோய் துறையிலிருந்து அண்ணன் லாக்லின் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வலது முழங்காலும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். கால்கரியில் நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே?

இந்தக் கரையிலேயே கிழடுகளும் ஏழைகளும் அதிகம் உள்ள வட்டாரம் நம்முடையது என்று பத்திரிகையில் பார்த்துவிட்டு, வெட்கத்தில் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருந்தாய். அந்தப் பெயரை வாங்க நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியாது.

பிப்ரவரியில் ஹாலிஃபாக்ஸிலிருந்து ரோவீனா என்று ஒரு பெண் கணக்கெடுக்க வந்தாள். வறுமை அதிகம் என்று அறிக்கை போனால்தான் நம் கிளினிக் நிலைக்கும், இல்லாவிட்டால் இழுத்து மூடிவிடுவார்கள் என்று அவளே சொன்னாள். சொல்லி என்ன பயன்? படகை விற்றுவிட்டு உட்கார்ந்திருக்கும் ஹியூயி, தனக்கொரு குறையும் இல்லை, பக்கத்து வீட்டு எஃபிதான் பாவம் என்று அனுப்பினான். கணவனை இழந்த எஃபியோ அவளுக்கு மீன் சூப்பும் ஓட்ஸ் ரொட்டியும் கொடுத்து, ஹியூயியைத்தான் கவனிக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினாள். இப்படி ஒரு ஏழைகூடச் சிக்காமல், வீட்டுக்கு வீடு தின்ற தின்பண்டத்தோடு அவள் என் வாசலுக்கு வரும்போது கார் பனியில் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. இழுக்க வந்த ஹியூயியின் டிராக்டரும் பின்னாலேயே போய் உட்கார்ந்தது. கடைசியில் ஊரே கயிறு பிடித்தது. எழுபதுக்குக் கீழே ஓர் ஆள் கிடையாது, ஆனாலும் இரண்டும் மேலே வந்துவிட்டன, மர்டீனா!

குளிர் விட தேவாலயக் கூடத்தில் எல்லோரும் தேநீர் குடித்தோம். அந்தப் பெண் கடைசியாக ஒருமுறை கேட்டாள். அவரவர் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எஃபி எழுந்தாள்.

"போன ஜனவரியில வீட்டைச் சூடாக்குற எண்ணெய் தீந்துபோச்சு. கோட்டைப் போட்டுக்கிட்டுத்தான் படுத்தேன். எழுதிக்கம்மா."

ஹியூயியின் முகம் சுண்டிப்போயிற்று. "பக்கத்துலதானே இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா இருக்கிற விறகையெல்லாம் கொண்டாந்து கொட்டிட்டு நீ நடுங்குவே. உன்னைத் தெரியாதா எனக்கு?"

அவன் தொப்பியைக் கழற்றினான். இரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துத்தான் சாப்பிடுவதாகச் சொன்னான். அப்புறம் பார்க்கணுமே! நான் உன்னைவிட ஏழை, என் கூரை உன் கூரையைவிட ஒழுகுது என்று ஒரே போட்டி. அந்தப் பெண் எழுதிக்கொண்டே அழுதாள், நடுநடுவே சிரிப்பும் வந்தது. மறுநாள் எஃபி வீட்டு வாசலில் அவள் தலை உயரத்துக்கு விறகு கிடந்தது. யார் போட்டது என்று இன்றுவரை ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

கிளினிக் பிழைத்தது. மானத்தையே உயிராக வைத்திருந்த எஃபி அதை ஊருக்காக இறக்கி வைத்தாளே, அவளுக்கு முன்னால் நானெல்லாம் எந்த மூலைக்கு? ஆகவே எங்களுக்காக வருத்தப்படாதே, ஒன்றும் அனுப்பாதே. கடமான் கறியும் மீனும் தின்று நாங்கள் ராஜா மாதிரி இருக்கிறோம். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பும் ஆசியும்.

உன் அண்ணன்,
லாக்லின்

பி.கு: பக்கத்து வட்டாரத்துக்காரர்கள், தாங்கள்தான் அதிக ஏழைகள் என்று வழக்குப் போட்டிருக்கிறார்களாம். மறு கணக்கெடுப்பு வருகிறது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு. யாராவது கேட்டால், உன் அண்ணன் பட்டினி கிடக்கிறான் என்று சொல். சொல்லும்போது கொஞ்சம் அழு.